பீரலு லேஸ்: திண்டும் இலையும்



காலி, வெலிகம பக்கத்துப் பெண்கள் பின்னும் பீரலு லேஸைப் படிக்க ஆசையா? முதலில் திண்டைப் பாருங்கள். குண்டூசியைக் குத்தி விரலால் தட்டுங்கள். ஊசி சாய்ந்தால் அந்தத் திண்டு வேண்டாம். லேஸும் கோணிப் போகும். நீள லேஸுக்கு உருளைத் திண்டு, வட்டத்துக்குத் தட்டைத் திண்டு.

இரண்டு சோடி கட்டை, நாலு நூல். நடு இரண்டில் இடதை வலதுக்கு மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு சோடியிலும் வலதை இடதுக்கு மேல் போட்டால் முறுக்கு. எந்தப் பூவுக்கும் அடிப்படை இதுதான்.

இலைதான் கஷ்டம். ஒரு நூல் மட்டும் மற்ற மூன்றுக்கும் மேலும் கீழுமாக ஓடும். முடிந்ததும் அந்தக் கட்டையை இழுத்தால் இலை சுருங்கிவிடும். அதைச் சும்மா விட்டு, மற்றச் சோடியை முதலில் பின்னுங்கள். சுருங்கின லேஸுக்கு நல்ல விலை கிடைக்காது. அவசரப்படாதீங்க!