புதிய பால்கனியும் பழைய கூரையும்

1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் விரிவடைந்த மல்லேஸ்வரத்தில், மர உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட 'மெட்ராஸ் டெரஸ்' கூரைகள் இன்னும் சில உள்ளன. அவற்றுடன் கான்கிரீட் பால்கனியை இணைத்தால், வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. இணைப்பில் விரிசல் கண்டு மழைநீர் இறங்குகிறது. கூடத்தில் கறை தெரியும் முன்பே உத்திரம் உளுத்திருக்கலாம்.

வீட்டுச் சீரமைப்புக் கடனுக்கு எம்மிடம் வரும் மதிப்பீடுகளில் தரை ஓட்டின் நிறம்கூட இருக்கும். நீர்க்கசிவுத் தடுப்புக்கு ஒரு வரி இராது! அதனைத் தனிச் செலவாகச் சேர்த்தே கடன் கோருங்கள். பணி முடிந்ததும் பால்கனியின் வடிகுழாயை அடைத்து, 24 மணி நேரம் சிறிதளவு நீர் தேக்கிப் பார்த்த பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையை வழங்குங்கள்.

பழைய வருமான வரி முறையில் இருப்போர், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு ரூ. 30,000 வரை கழித்துக்கொள்ளலாம்.