ஊசித் துளைதானே என்று விட்டுவிடாதீர்கள்

மண்வெட்டி பிடித்த கைகள் இன்று வேறு தொழில்களுக்குப் பழகிக்கொண்டிருக்கின்றன. காணியை விட்டு வந்த எமது குடும்பங்களில் பலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள். மேசனுக்குக் கையுதவி, கம்பி கட்டுதல், பெயின்ற் அடித்தல் என்று கிடைத்ததைச் செய்கிறார்கள். பெரிய கட்டடங்களிலும் களஞ்சியங்களிலும் தூரிகைக்குப் பதிலாகப் பெயின்ற் தெளிக்கும் இயந்திரத்தைக் கையில் கொடுப்பதும் உண்டு.

அதைப் பார்த்ததும், "மிளகாய்க்கு மருந்தடித்தவனுக்கு இது ஒரு வேலையா?" என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணத்திலேதான் ஆபத்து இருக்கிறது.

நாம் தோளிற் சுமந்து மருந்தடிக்கும் மெசினில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 40 இறாத்தல். காற்றின் உதவியின்றித் தெளிக்கும் இந்த இயந்திரத்திலோ அது 3000 இறாத்தல் வரை போகும். அந்த வேகத்தில் நுண்ணிய துளையூடாக வரும் பெயின்ற் தோலைத் துளைத்து உள்ளே புகும். கையுறையும் அதைத் தடுக்காது.

விபத்து பெரும்பாலும் நேர்வது இப்படித்தான். முனை அடைத்துவிடுகிறது. வேலை அவசரம். வலது கையில் துப்பாக்கி இருக்க, இடது கைச் சுட்டுவிரலால் முனையைத் துடைக்கிறோம். ஒரு கணம் விசை அழுந்துகிறது. விரலில் ஊசி குத்தியது போல ஒரு துளை. இரத்தம் அதிகமில்லை, வலியும் பெரிதாக இல்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம்.

ஆனால் உள்ளே புகுந்த பெயின்றும் தின்னரும் நரம்பு, தசைநாண் வழியே உள்ளங்கை வரை பரவக்கூடும். சில மணித்தியாலங்களில் விரல் வீங்கி விறைக்கும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழுகத் தொடங்கும். 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து உள்ளே உள்ளதை அகற்றாவிட்டால், விரலையே துண்டிக்க நேரும் ஆபத்து மிகவும் கூடுகிறது.

ஆகவே, இப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். காயத்தைப் பிதுக்க வேண்டாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். மோதிரம் இருந்தால் கழற்றிக் கையை உயர்த்தி வைத்திருங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாமாதலால் எதையும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். பெயின்ற் தகரத்தின் லேபலையும் கொண்டு செல்லுங்கள். "வெட்டுக்காயம்" என்று சொல்லாமல், "அமுக்கத்தில் பெயின்ற் உள்ளே போய்விட்டது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வருமுன் காப்பது எப்படி?

முனையைத் தொடுமுன் இந்த ஒழுங்கை ஒவ்வொரு முறையும் கடைப்பிடியுங்கள்:

1. துப்பாக்கியின் விசையைப் பூட்டுங்கள்.
2. இயந்திரத்தை நிறுத்துங்கள்.
3. அமுக்கம் வெளியேறும் வால்வைத் திறவுங்கள்.
4. பூட்டை நீக்கி, துப்பாக்கியை உலோக வாளியின் பக்கத்தோடு அணைத்து விசையை அழுத்தி மிச்ச அமுக்கத்தை வெளியேற்றுங்கள்.
5. மீண்டும் பூட்டுங்கள். அதன் பின்பே முனையைக் கழற்றுங்கள்.

முனை முற்றாக அடைத்திருந்தால் இயந்திரம் நின்ற பின்பும் உள்ளே அமுக்கம் தங்கியிருக்கும். அப்போது முனைக் காப்பின் சுரையை மிக மெதுவாகத் தளர்த்த வேண்டும். குழாயில் ஒழுக்கு இருந்தால் கையால் தடவிப் பார்க்க வேண்டாம், ஒட்டுப்போடவும் வேண்டாம். குழாயை மாற்றக் கேளுங்கள். முனைக் காப்பு இல்லாத துப்பாக்கியால் வேலை செய்யாதீர்கள். விளையாட்டுக்கும் அதை ஒருவர் மீது நீட்டாதீர்கள்.

தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது. கதவு யன்னல்களைத் திறந்து வையுங்கள். முகத்திற் கட்டும் லேஞ்சி ஆவியைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டி உள்ள முகமூடியும் கண்ணாடியும் வேண்டும்.

இவற்றைக் கேட்டால் நாளைக்கு வேலை கிடைக்காது என்ற பயம் எமக்குத் தெரியும். தனியாகக் கேட்கப் பயந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கோர, 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. அதற்காக விபத்து நடந்த நாள், இடம், கண்டவர்கள் யார் என்பதை எழுதி வையுங்கள். வைத்தியசாலைத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

என்றோ ஒரு நாள் சொந்தக் காணியில் மீண்டும் மண்வெட்டி பிடிக்க வேண்டிய கை அது. ஒரு நாட் சம்பளத்துக்காக அதை இழந்துவிடாதீர்கள்.