எல்லைக் கல்லும் ஆற்று நீரும்

அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சிற்றாறு. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீரைப் பெற்று முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியே சென்று கடலில் விழுகிறது. அனகாபுத்தூரை நம் நெசவாளர் நன்கறிவர்; மதராஸ் கைக்குட்டைத் துணியை நைஜீரியாவுக்கு நெய்தனுப்பிய ஊர் அது. குழித்தறிக்கு வெள்ளம் எத்தகைய பகை என்பதையும் அவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. பழி பெரும்பாலும் செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் விழுந்தது. ஆனால் அவ்வேரியின் உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூரோ அதற்கு மேற்புறத்தில் உள்ளது. அங்கே புகுந்தது மேலூர் ஏரிகளின் கலங்கல் கடந்து வந்த நீரேயாம். அந்நீர் முன்பு பரவி நின்ற நன்செய்களும் தாழ்நிலங்களும் மனைகளாகிவிட்டன. மனையால் வரி பெறுவது ஓர் ஊர். நீரைச் சுமப்பது மற்றோர் ஊர். ஏரிப் பாசனம் நடந்த காலத்தில் மேலூரார் கலங்கலில் மண் வைத்து உயர்த்தினால் கீழூர் உழவர் அன்றே வந்து கேட்பர். ஆயக்கட்டு அழிந்தபின் கேட்பார் யார்?

2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. இது நன்றே. எனினும் முடிச்சூர் ஊராட்சி அப்பொழுது அதில் சேரவில்லை. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது அது செங்கற்பட்டிலும், வரதராஜபுரம் காஞ்சிபுரத்திலும் அமைந்தன. எல்லையை எவ்வளவு விரித்தாலும் ஆறு அதைத் தாண்டியே ஓடும்.

இதனை எண்ணியே அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் பெருநகரத் திட்டக் குழுவை வகுத்தது. அதன் அங்கத்தினரில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதோரை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நிலத் திட்டமும் நீர்ப் பங்கீடும் அக்குழு கவனிக்க வேண்டிய பொருள்கள்.

ஜெர்மனியில் எம்ஷர் ஆற்றுப் பகுதி நகரங்கள் 1899இல் ஒரு கூட்டுறவுச் சங்கமே கண்டன. சுரங்கங்களும் ஆலைகளும் அதில் அங்கத்தினர். ஆற்றைக் கெடுப்போரும் அதன் சீரமைப்பால் பயனடைவோரும் தத்தம் அளவுக்கேற்பப் பணம் செலுத்துகின்றனர். சங்கம் இன்றும் நடைபெறுகிறது. நம் பக்கத்தில் அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே கைகூடாமற் போகலாம். ஏரிக்கடியில் ஒரு புல எண்ணை மனையாக்க மனு வந்தால், அதன் நகலைக் கீழூர் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் அனுப்பி, அதன் பதில் வரும்வரை முடிவை நிறுத்தி வைப்பதற்குத் தபால் செலவு தவிர வேறென்ன செலவு?