நூலும் இருக்கையும்

நூலகம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன நூலடுக்குகளே. அங்கே ஒரு மேசையும் நாற்காலியும் விளக்கும் இருப்பதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. கொவிட் பெருந்தொற்றிலே பல்கலைக்கழக நூலகங்கள் அடைபட்டுப் பின் படிப்படியாகத் திறந்ததை நோக்கும்போது, அந்த நாற்காலியின் அருமை புலனாகின்றது. எஹலியகொடத் தோட்டப்புறத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு அது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று.

கொழும்பிலிருந்து எஹலியகொட வழியாக இரத்தினபுரி செல்லும் பெருஞ்சாலை, பலாங்கொடையையும் கடந்து பெலிஹுல்ஓயாவை அடைகின்றது. 1995 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சப்ரகமுவப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கின்றது. அங்கும் பிற பல்கலைக்கழகங்களுக்கும் நம் லயங்களிலிருந்து செல்லும் பிள்ளைகள் இன்றும் சிலரே. 2020 மார்ச்சில் அவர்கள் வீடு திரும்பினார்கள். அம்மாதம் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. நவம்பரில் எஹலியகொட பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தல் ஊரடங்கைத் தனியாகவும் கண்டது.

பாடங்கள் இணையவழி நடந்தன. பல்கலைக்கழக மாணவர் கட்டணமின்றி அவற்றைப் பெற வசதியும் செய்யப்பட்டது, அது பாராட்டத்தக்கதே. ஆயினும், ஒரே அறையில் பாட்டி முதல் பாலகன்வரை வாழும் லயத்தில் அமைதிக்கு எங்கே போவது? அந்நாளில் பழைய மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “சேர், நோட்ஸ் எல்லாம் போனுக்கு வந்துருது. ஒக்காந்து படிக்கத்தான் எடமில்ல.” நூலகம் அவளுக்கு எதைக் கொடுத்து வந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் கூறிவிட முடியாது.

நூல் நோயைச் சுமந்து வரும் என்ற அச்சம் புதியதன்று. தொற்றுநோய் கண்டவர் பொது நூலக நூல்களைக் கையாளலாகாதென்று பிரித்தானியாவில் 1907 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2020 இல் அமெரிக்காவில் ஓ.சி.எல்.சி. நிறுவனமும் பட்டெல் ஆய்வுகூடமும் பிறரும் இணைந்து இதனை ஆராய்ந்தனர். மூடிய நூலின் தாளில் மூன்று நாட்களின் பின் கிருமி தென்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நூல்களின் அட்டையிலோ ஆறு நாட்களின் பின்னும் தென்பட்டது. ஆகவே உலகெங்கும் திரும்பி வந்த நூல்கள் நாட்கணக்கில் தனித்து வைக்கப்பட்டன. மழை ஓயாத நம் சப்ரகமுவையில் நூல்களைப் பெட்டியில் அடைத்து வைப்பது, ஒரு கிருமிக்கு அஞ்சிப் பூஞ்சணத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

பின்னர் அறிவு தெளிந்தது. பொருளைத் தொடுவதால் தொற்று நேரும் வாய்ப்பு, பொதுவாக ஒரு தொடுகைக்குப் 10,000 இல் ஒன்றுக்கும் குறைவென 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையம் அறிவித்தது. நோயைப் பெரிதும் சுமந்தது மனிதர் மூச்சுவிடும் காற்றே. அப்படியானால் காவல் வேண்டியிருந்தது நூலின் அட்டைக்கன்று. அடைபட்ட மண்டபத்தின் காற்றுக்கே.

தொடக்கத்தில் நூலைக் காத்தவர்களை நான் குறைகூறேன். அன்று யாருக்கும் முழு உண்மை தெரியாது. நூலகப் பணியாளரின் உயிரும் உயிரே. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். பல நாடுகளில் இரவல் கொடுக்கும் மேசை முதலில் திறந்தது. வாசிப்பு மண்டபம் பிந்தியே திறந்தது. வீட்டில் தனியறை உள்ளவனுக்கு இந்த ஒழுங்கு போதும். லயத்துப் பிள்ளைக்கு இது பாதி நூலகமே.

நம் சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். நூல் பயன்பாட்டுக்கே உரியது என்னும் கருத்தை விளக்கப் புகுந்தவர், நூலகம் அமையும் இடத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் தளபாடத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார். இருக்கையும் நூற்பயனின் ஒரு கூறென்பது அவர் கண்ட உண்மை.

இன்னொரு தொற்று வாராதென்று உறுதி கூறுவார் இல்லை. அதற்கு இப்போதே ஆயத்தமாகலாம். பல்கலைக்கழக வாசிப்பு மண்டபங்களுக்குத் திறக்கக்கூடிய சாளரங்களும், சாரல் உள்ளே புகாத அகன்ற தாழ்வாரங்களும் வேண்டும். மண்டபத்தில் ஒரே வேளையில் இருக்கத்தக்கோர் தொகையை வரையறுத்து, முகக்கவசத்துடன் முறைவைத்து அமர்த்தலாம். அம்முறையில் முதலிடம், வீட்டில் படிக்க இடமற்ற மாணவருக்கு உரியதாகட்டும். அவர்தம் பட்டியல் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே இருத்தல் நன்று. பயணம் தடைப்படும்போது, தோட்டப் பாடசாலையின் வகுப்பறை ஒன்றை அவர்களுக்கு மாலையில் திறந்துவிடலாம்.

இவற்றில் பெரும்பொருட் செலவு எதுவும் இல்லை. நூலைக் கையில் கொடுப்பதோடு நூலகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதை விரித்துவைத்துப் படிக்க ஓரிடம் அளிப்பதும் அதன் கடமையே.