புகையை விட்டால் உடல் பருத்துவிடுமா?



பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் இடையே, தென்னையும் செம்பனையும் சூழ அமைந்திருப்பது பாகான் டத்தோ. முன்பு ஹீலிர் பேராக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டாரம் 2017ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. தேங்காய் பறித்தும், உரித்தும், கொப்பரை காயவைத்தும் நம்மவர்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். உழைப்போடு உழைப்பாக ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. தாத்தா காலத்தில் சுருட்டும் பீடியும்; பிறகு சிகரெட்டு. பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்குப் பசியாறியபின் ஒன்று, வேலை முடிந்து குளித்தபின் ஒன்று என்று அது நாள் முழுவதையும் பிடித்துக்கொண்டது.

புகை கெடுதல் என்பது இன்று எல்லாரும் அறிந்த செய்தி. ஆனாலும் விட நினைப்பவர்கள் பலரைத் தடுத்து நிறுத்தும் ஓர் அச்சம் உண்டு. "சிகரெட்டை விட்டால் தொப்பை போட்டுவிடும், அதன் பின்னாலேயே சீனி வியாதியும் வந்துவிடும்" என்பதே அது. வீட்டிலுள்ள தாய்மார்களும் இதைச் சொல்வதுண்டு. இந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, அதற்கு வழி என்ன என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். புகையை விட்டவர்களில் பெரும்பாலோருக்கு எடை கூடத்தான் செய்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியாயிற்று. மருந்தின் உதவியில்லாமல் விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடியிருந்தது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே ஏறிவிட்டது. ஆனால் சராசரி என்பது எல்லாருடைய கதையும் அன்று. நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு 10 கிலோவுக்கு மேல் கூடியது. நூற்றுக்குப் பதினாறு பேருக்கோ எடை குறைந்தே போயிற்று. ஆகவே, பருத்தே தீர வேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை.

எடை ஏன் கூடுகிறது? புகையிலையில் நிக்கோட்டின் என்னும் நஞ்சு இருக்கிறது. அது நெஞ்சை வேகமாகத் துடிக்க வைக்கிறது. உடலும் சும்மா இருக்கும்போதே சற்று அதிகமாக எரிகிறது. நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்டுப் பிடிப்பவரின் உடல் இவ்வாறு ஏறத்தாழ 200 கலோரியைக் கூடுதலாகச் செலவழிக்கிறது. பசியையும் அது மட்டுப்படுத்துகிறது. சிகரெட்டை நிறுத்தியதும் அந்தக் கூடுதல் செலவு நின்றுபோகிறது. அடங்கிக் கிடந்த பசி எழுகிறது. புகையால் மரத்துப்போயிருந்த நாவுக்கும் மூக்குக்கும் ருசியும் மணமும் திரும்புகின்றன. நேற்றுவரை சாதாரணமாக இருந்த மீன் குழம்பு இன்று அமிர்தமாக இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளாக விரலுக்கும் வாய்க்கும் இருந்த வேலை திடீரென்று இல்லாமல் போகிறது. அந்த இடத்தை முறுக்கும் மிட்டாயும் வந்து நிரப்புகின்றன.

மெலிந்திருப்பதற்காகப் புகைக்கலாம் என்ற எண்ணம் தானாக முளைத்ததன்று. 1928ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் என்ற சிகரெட்டை விற்றவர்கள், இனிப்பைத் தேடாமல் சிகரெட்டை எடுங்கள் என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். உடல் பருத்துவிடும் என்று பயந்த பெண்களைப் பிடிப்பதற்காக வீசிய வலை அது. அந்த வலையின் நூலைத்தான் நாம் இன்னும் அறிவுரை என்று எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, கூடும் எடை ஆபத்தா, தொடரும் புகை ஆபத்தா? தராசில் வைத்துப் பார்ப்போம். கடைசிச் சிகரெட்டை அணைத்த 20 நிமிடங்களில் நாடித் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சாதாரண அளவுக்கு வந்துவிடுகிறது. சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் தணிகின்றன. ஓராண்டில், புகையினால் வந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியளவுக்கு இறங்குகிறது. நாலைந்து கிலோ எடை கூடுவது இந்த நன்மைகளை அழித்துவிடுவதில்லை.

ஆனாலும் நம் சமூகத்தார் இதை அலட்சியமாக விட்டுவிடவும் முடியாது. 2019ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்தச் சராசரி அப்போது நூற்றுக்கு 18ஆகத்தான் இருந்தது. நீரிழிவும் புகையும் ஒரே உடலில் சேர்ந்தால் இரத்தக் குழாய்கள் இரண்டு பக்கமும் அரிக்கப்படும் கயிறு போலாகின்றன. காலில் ஆறாத புண், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை விரைந்து வருகின்றன.

2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. அந்நாட்டின் தாதியர்களையும் மற்ற சுகாதாரத் துறையினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதப்பட்டது அது. புகையை விட்டபின் எடை கூடியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புச் சில ஆண்டுகள் உயர்ந்து, பிறகு இறங்கிற்று. எடை கூடாதவர்களுக்கு அந்த உயர்வே ஏற்படவில்லை. எடை கூடினாலும் கூடாவிட்டாலும், புகையை விட்டவர்களுக்குச் சாவின் ஆபத்து, தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆதலால் நம் வழி தெளிவாகிறது. புகையை விடத்தான் வேண்டும். விடும்போதே எடையின்மேல் ஒரு கண்ணும் இருக்க வேண்டும்.

வழி கடினமானதா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். சிகரெட்டு நின்றால் உடல் செலவழிக்காமல் விடுவது நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரி என்று சொன்னோம். ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் அந்த 200 கலோரி என்பது மூன்று மேசைக்கரண்டிப் பாலுக்குச் சமம். ஒரு கிளாஸ் தேநீருக்கு இரண்டு கரண்டிப் பால் ஊற்றுகிறவர், நாளில் இரண்டு கிளாஸை மட்டும் பாலும் சீனியும் இல்லாமல் குடித்தாலே கணக்கு நேராகிவிடும். மாறாக, சிகரெட்டு நினைப்பு வரும்போதெல்லாம் தே தாரிக் குடித்து நாளுக்கு மூன்று கிளாஸ் கூட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சுமார் 390 கலோரி சேரும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. கணக்குப்படி மூன்று வாரத்திற்குள் ஒரு கிலோ! உடல் இயந்திரமன்று, கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது. ஆனாலும் தொப்பை எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை இது காட்டிவிடுகிறது.

இனி, வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். சமைக்கும் தாய்மார்கள் சற்றுக் கூர்ந்து கேளுங்கள்.

பாகான் டத்தோவில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. அதனால் குழம்பிலும் சம்பலிலும் பால் தாராளமாக இறங்குகிறது. கெட்டியான முதல் பாலில் கொழுப்பு மிகுதி. முதல் பாலைப் பாதியாகக் குறைத்து இரண்டாம் பாலைச் சேர்த்துக்கொண்டால் ருசி கெடாது. வாரத்தில் சில நாள் பாலில்லாமல் புளிக் குழம்பும் ரசமும் வையுங்கள். தட்டில் பாதி இடம் கீரைக்கும் காய்க்கும், கால் இடம் மீனுக்கோ கோழிக்கோ பருப்புக்கோ, மீதிக் கால் இடம் சோற்றுக்கு என்று வைத்தால் வயிறும் நிறையும், எடையும் ஏறாது. வேலிக்கு வேலி நிற்கும் முருங்கைக் கீரையை மறந்துவிடாதீர்கள்.

வாய் எதையாவது கேட்கும்போது கொடுக்க, முன்கூட்டியே ஏதாவது தயாராக இருக்கட்டும். ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே நாடறிந்த பண்டம். ஆனால் எண்ணெயில் பொரித்ததைவிட அவித்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி மேலானது. வெள்ளரித் துண்டு, கொய்யா, சீரகம், கிராம்பு இவற்றையும் சிறு டப்பாவில் வேலைக்குக் கொண்டு போகலாம். தாகத்துக்குப் பச்சைத் தண்ணீரே சிறந்தது. சீனி சேர்க்காத இளநீர் எப்போதாவது ஒன்று குடிக்கலாம். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டினி கிடந்து எடையைப் பிடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். வெறும் வயிறு சிகரெட்டைத்தான் தேடும். காலைப் பசியாறலைத் தவறவிடாமல், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவதே நல்லது. மதுவையும் முதல் சில வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். கள்ளோ, சம்சுவோ, பீரோ எதுவானாலும் அதில் கலோரி மிகுதி. போதை ஏறியபின் எடுத்த சபதமும் கரைந்துவிடும்.

அடுத்தது உடலுழைப்பு. வெட்டுக் கத்தியும் கையுமாக இருந்தவர் இன்று டிராக்டர் ஓட்டுகிறார், அல்லது காவல் வேலையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவர் உடல் முன்போல் எரிப்பதில்லை. அத்தகையவர்கள் மாலையில் முக்கால் மணி நேரம் கைவீசி வேகமாக நடந்தால் சுமார் 200 கலோரி செலவாகும். சிகரெட்டு விட்டுச் சென்ற இடத்தை அந்த நடையே ஈடு செய்துவிடும். புகைக்கும் ஆசை எழுந்தாலும் நடைதான் நல்ல மருந்து. ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து, யாருடனாவது நாலு வார்த்தை பேசுவதற்குள் அது தணிந்துவிடும். முதல் மூன்று நாட்கள் கடுமையானவை. மூன்று நான்கு வாரங்களில் வேகம் அடங்கிவிடும்.

சிலர் சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்குகிறார்கள். இது மிகவும் தவறு. நம் நாட்டு இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, வாய்ப் புற்றுநோய் மிகுந்திருப்பதற்கு வெற்றிலை பாக்கு போடும் பழக்கமே முக்கியக் காரணம். இளைஞர்கள் கையிலுள்ள வேப்பிலும் பெரும்பாலும் நிக்கோட்டின்தான் இருக்கிறது. ஒரு பாம்பை விரட்ட இன்னொரு பாம்பை வீட்டுக்குள் விடக்கூடாது.

தனியாக முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். புகைப்பதை நிறுத்த உதவும் சேவை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் இருக்கிறது. அருகிலுள்ள கிளினிக்கில் கேட்டால் வழி சொல்வார்கள். தோலில் ஒட்டும் பட்டை, மெல்லும் கம் போன்றவை நிக்கோட்டினைச் சிறிது சிறிதாகக் கொடுத்துத் தவிப்பைக் குறைக்கின்றன. எடை ஏறுவதையும் தள்ளிப்போட உதவுகின்றன. நீரிழிவுக்கோ வேறு நோய்க்கோ மருந்து உண்பவர்கள், தாங்கள் புகையை விடப்போவதை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

எடையை வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். தராசு இல்லாவிட்டால் ஓர் அளவு நாடா இருந்தாலும் சரிதான். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாமல் இருப்பது நல்லது. இரண்டு கிலோ கூடிவிட்டது என்பதற்காக யாரும் மனம் தளர்ந்து மீண்டும் பற்றவைக்க வேண்டாம். கூடிய எடையைப் பிறகும் குறைக்கலாம். அரித்துப்போன நுரையீரலைத் திரும்பப் பெற முடியாது.

குடும்பத்தாரின் பங்கும் பெரிது. லயத்து வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். ஒருவர் விடும் புகையைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையும், கருவுற்றிருக்கும் மருமகளும், திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் பாட்டியும் சேர்ந்தே இழுக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி நாடு முழுவதும் உணவுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அமலுக்கு வந்த சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குச் சிகரெட்டும் வேப்பும் விற்பதைத் தடுக்கிறது. ஆனால் வீட்டுக்குள் சட்டம் போட வேண்டியவர்கள் நாம்தான். அப்பா புகையை விடுகிறார் என்றால், அந்த ஒரு மாதம் அவர் சிடுசிடுப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தட்டில் மட்டும் சோற்றைக் குறைக்காமல், எல்லாருடைய தட்டிலும் காயைக் கூட்டுங்கள். மாலையில் அவரோடு நீங்களும் சேர்ந்து நடங்கள்.

கடைசியாக ஒன்று. நாள் குறிக்காத கல்யாணம் நடக்காது என்பார்கள். புகையை விடவும் ஒரு நாளைக் குறியுங்கள். சம்பள நாளாக இருந்தால் மிகவும் நல்லது. அன்று முதல் சிகரெட்டுக்குச் செலவாகும் காசை ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். மூன்று மாதம் கழித்து அதைத் திறக்கும்போது, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கடன் கேட்க வேண்டிய நிலை இருக்காது.