மன்னர் லண்டனில், குண்டு மணியாச்சியில்

உள்ளூர்க்காரர்கள் வீ.கே.புதூர் என்று சுருக்கிச் சொல்லும் வீரகேரளம்புதூர், ஊத்துமலை ஜமீனின் தலைமையிடமாக இருந்தது. கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட சூடு ஆறுவதற்குள், 1803இல் திருநெல்வேலிச் சீமையில் கிழக்கிந்தியக் கம்பெனி நிரந்தர வரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊத்துமலையாரைப் போல மிஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். கோட்டையும் படையும் போயின. பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டும் கடமை வந்தது.

அரண்மனைகள் அடங்கின. நூறு வருஷம் கழித்துக் கோபம் கிளம்பியது தெருவிலிருந்து.

1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடி–கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கு நின்றது. 1908 மார்ச் 12இல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். வ.உ.சி.க்கு முதலில் விதித்த தண்டனை 40 வருஷம், மேல்முறையீட்டில்தான் குறைந்தது. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷ்தான் சுதேசிக் கப்பலை முடக்கினார் என்ற ஆத்திரம் அவர் நெல்லைக் கலெக்டரான பிறகும் தணியவில்லை.

1911 ஜூன் 17, காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. கொடைக்கானல் போகக் கிளம்பிய ஆஷும் மனைவியும் மணியாச்சி ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஏறிய இளைஞர் பிரவுனிங் பிஸ்டலால் ஆஷைச் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் செங்கோட்டை வாஞ்சிநாதன், புனலூரில் வனத்துறை ஊழியர். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர் ஊரை ஆண்டவர் வேறொரு ராஜா. ஆஷின் அதிகாரம் அங்கே செல்லாது.

வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு கடிதம். ஐந்து நாளில், ஜூன் 22இல், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. அந்த மன்னர் இந்திய மண்ணில் கால் வைத்ததும் கொல்ல 3,000 பேர் சபதம் எடுத்திருப்பதாகவும், அதை அறிவிக்கவே இந்தக் கொலை என்றும் கடிதம் சொன்னது. கப்பலைப் பற்றியோ நெல்லையில் செத்த நால்வரைப் பற்றியோ அதில் பேச்சில்லை. மிலேச்சர்கள் சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஜார்ஜை மாட்டிறைச்சி தின்னும் 'பஞ்சமன்' என்று ஏசியிருந்தது. ஐந்தாமவர் என்றும் கொள்ளலாம். ஆனால் அன்றைய நெல்லையில் அந்தச் சொல் யாரைச் சுட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்நிய மன்னரைத் திட்டக் கிடைத்த சொல், உள்ளூரில் ஒடுக்கப்பட்டவர்களின் பெயர். இதை மழுப்பிவிட்டு வாஞ்சியைப் பேசுவது அரைக் கதை.

1911 டிசம்பர் 2இல் ஜார்ஜ் பம்பாயில் இறங்கினார். 12ஆம் தேதி டெல்லியில் தர்பார் நடத்தினார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஆஷ் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் 14 பேர்.