மலைக்காடும் வயல் நீரும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஊற்றெடுக்கும் ஆறுகளே உலர் வலயத்து வயல்கள் பலவற்றிற்கும் நீர் அளிக்கின்றன. ஆதலின் மலைக்காட்டிற்கு நேர்ந்த மாற்றத்தை, நெடுந்தூரத்தில் நெல் விதைக்கும் கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஈரவலயக் காட்டிற் பெய்யும் மழை நேரே மண்ணைத் தாக்குவதில்லை. உயர்ந்த மரங்களும் அவற்றின்கீழ் வளரும் செடிகளும் துளிகளின் வேகத்தைத் தணிக்கின்றன. நிலத்திற் கிடக்கும் சருகு நீரை உறிஞ்சி, மண்ணினுள் மெல்ல இறங்கவிடுகின்றது. மழை ஓய்ந்து பல நாட்கள் சென்ற பின்னரும் ஊற்றுக்கள் வற்றாதிருப்பது இதனாலேயே.

1820களில் தொடங்கிய கோப்பிச் செய்கை இக்காட்டிற் பெரும்பகுதியை விழுங்கியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிலைநாட்டப்படாத காட்டு நிலத்தை முடிக்குரியதாகக் கொண்டமையால், அந்நிலம் தோட்டக்காரர் கைக்கு எளிதாகச் சென்றது. அவர்கள் மரங்களை வெட்டித் தீயிட்டு, சரிவுகளில் ஒரு புல்லும் இராதபடி களை பிடுங்கினர். துப்புரவான தோட்டம் என்று அன்று அது மெச்சப்பட்டது. மேல்மண்ணே அதற்குக் கொடுத்த விலை. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி மடிந்த பின்னரும் காடு மீளவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டுத் தொடக்கிவைத்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைக் காக்குமாறு 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையே, உச்சிக்காடுகள் ஓரளவு எஞ்சியமைக்கு ஒரு காரணமாகும்.

1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் அச்செய்கை விரைந்து பரவியது. வருவாய் நல்லதே. ஆயினும் செங்குத்தான சரிவிற் கொத்திப் புரட்டிய மண் ஒவ்வொரு பெருமழைக்கும் கரைந்து செல்கின்றது. வெலிமடை மண்ணை உமா ஓயா ரந்தெம்பை நீர்த்தேக்கத்திற் கொண்டுசேர்க்கின்றது. 1976இல் கட்டி முடிந்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலோ, தேயிலை, புகையிலை, மரக்கறி நிலங்களிலிருந்து வந்த வண்டல், 1988 அளவில் கொள்ளளவின் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கை நிரப்பிவிட்டது. அங்கிருந்து திருப்பப்படும் மகாவலி நீரையே கலாவாவியின்கீழ் நெல் விளைவிப்போர் நம்பியிருக்கின்றனர்.

அழிந்த காட்டை ஒரு தலைமுறையில் மீட்க இயலாது. மண்ணை நிறுத்திவைக்க இயலும். மரக்கறிப் பாத்திகளையும் கான்களையும் சரிவிற்குக் குறுக்கே அமைத்தல் வேண்டும். கல் கிடைக்கும் இடங்களிற் கல்லணை கட்டலாம். அல்லாவிடின் வரிசையாகப் புல் நடலாம். ஓடைக் கரையிலுள்ள மரங்களை வெட்டுதல் ஆகாது. அறுவடைக்குப்பின் எஞ்சும் தழையை எரிக்காது நிலத்திற் பரப்புதல் நன்று. கானிற் படியும் மண்ணை மழை விட்டதும் அள்ளி மேற்பாத்தியில் இடுக. காசு கொடுத்து வாங்கிய பசளையில் ஒரு பங்கும் அதில் இருக்கின்றது.